செஞ்சு காட்டுங்களேன்

அண்ணன் கைவிட்டுப் போன பிறகு, அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்தே நகரத்துக்குப் பிழைக்க வந்தார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை. நாத்தனார் வாயில்லாப் பூச்சி. அண்ணியின் வாயும் குடியிருந்த அறையோடு சரி. கூடத்தில் சூப்பர்வைசர் வாயைத் திறந்தால் காது கூசும். கேட்டும் கேளாததுபோல் குனிந்து மடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். ஊர்விட்டு வந்து அல்லாடும் பெண்களைப் பற்றிய கதையாம். முதலாளியாக நடித்தவர் வேலைக்காரிகளைத் திட்ட வேண்டும். அவர் திட்டத் திட்ட, பின்னால் நின்ற அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா சிரிக்கிறீங்க?" என்றார் டைரக்டர்.

"தாலாட்டு மாதிரி திட்டுறாரு சார்."

டைரக்டர் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "அப்போ இங்க நிஜமா எப்படித் திட்டுவீங்க? நீங்க ஒரு தடவ செஞ்சு காட்டுங்களேன்."

சூப்பர்வைசருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, அண்ணி கையிலிருந்த விரிப்பைப் பிடுங்கித் தரையில் எறிந்தார். "புருஷன் சும்மாவா விட்டுட்டுப் போனான்?" என்று தொடங்கி, தினமும் சொல்வதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். கதாநாயகி தரையைப் பார்த்தாள். வெளியாட்கள் காதில் விழுகிறதே என்று நாத்தனார் கூனிக்குறுகிப் போனாள்.

அண்ணி குனியவில்லை. "எறிஞ்சவரே எடுத்துக் குடுங்க."

சூப்பர்வைசர் சிரித்தபடி டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. அத்தனை பேர் பார்க்க, சூப்பர்வைசர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். காதுமடல் சிவந்திருந்தது.

மறுநாள் அண்ணியை நீராவி இஸ்திரி மெஷினுக்கு மாற்றினார். அங்கே நிற்பவர்கள் உயிரோடு வேக வேண்டியதுதான்.

"தேவையா அண்ணி இது?"

"நடிப்புதானேடி. அவரும் நடிச்சாரு, நானும் நடிச்சேன்."

மதியத்துக்குள் அண்ணியின் முகம் கன்றிப்போனது. நாத்தனார் தன் மேசையை விட்டுப் போய், "நகருங்க அண்ணி" என்று மெஷின் முன்னால் நின்றாள்.

சூப்பர்வைசர் பாய்ந்து வந்தார். "யாரக் கேட்டு வந்த?"

"யாரையும் கேக்கல சார்." அடுத்த விரிப்பை எடுத்து மெஷினில் விரித்தாள். கால் நகரவில்லை.

பின்வரிசையில் ஒருத்தி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இவளுக்கு அப்புறம் நான் நிக்கிறேன்." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தியும் வந்து நின்றாள். சூப்பர்வைசர் நடையைக் கட்டினார்.

அன்றிலிருந்து அந்த மெஷினில் ஆள் மாறி ஆள் நின்றார்கள். திட்டு நின்றதா என்றால், இல்லை. புருஷனை இழுத்துப் பேசுவது மட்டும் நின்றது. படம் வெளிவந்ததா என்று அவர்கள் யாரும் விசாரிக்கவில்லை.