முன்வாசல் மண்

கரையான் பார்க்கப் போகிறவனுக்கு எல்லா வீட்டிலும் காபி கிடைக்கும். அவன் சொல்வதை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக நியூ ஆர்லியன்ஸில் வீடுகளுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருக்கிறேன்; எனக்கு இது பழகிவிட்டது. மே மாதம் பிறந்தால் இருட்டியதும் தெருவே விளக்கை அணைத்துவிடும். வெளிச்சத்துக்கு ஈசல் வரும் என்று இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். கரையான் மண் வழியாகத்தான் வீடு ஏறும் என்பது மட்டும் பெரியவர்கள் மண்டையில்கூட ஏறாது.

எர்லீன் ஹானோரேயின் வீடு செங்கல் தூண்கள் மேல் நிற்கிற பழைய மரவீடு. வாசலுக்கு ஐந்து படி. தூண்களைச் சுற்றி மண்ணுக்குள் மருந்து இறக்கியவன் நான்தான். வருடத்துக்கு ஒருமுறை போய், குனிந்து பார்த்து, தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். இந்த வருடம் மே கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை போனபோது படிகளைக் காணோம். வீட்டின் பக்கச் சுவரை ஒட்டியே முப்பத்தைந்தடிக்குச் சிமெண்டில் ஒரு சாய்தளம் நீண்டு, திரும்பி, வாசலில் ஏறியிருந்தது. கைப்பிடிக்கு மஞ்சள் பெயிண்ட் வேறு.

எர்லீன் பெருமையாகச் சொன்னார். அவர் கணவர் அல்சீக்குச் சர்க்கரை நோயில் ஒரு கால் போய்விட்டது. ஐந்து மாதமாக ஆற்றுக்கு அந்தப்புறம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருக்கிறார். நாளை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறார். சக்கர நாற்காலிக்காக ஜனவரியிலேயே அவருடைய சங்கத்து ஆட்கள் இதைக் கட்டிக் கொடுத்தார்களாம். வருடத்துக்கு ஒருநாள் ஒரே நிறத்தில் கோட்டுப் போட்டு, பாண்டு வாத்தியத்தோடு தெருவெல்லாம் ஆடிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரிச் சங்கம். உறுப்பினர் யார் செத்தாலும் பெட்டியைத் தூக்குவதும் அவர்கள்தான். முப்பது வருடம் பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவர் அல்சீ. மனிதர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குள் வைப்பதாக இருந்தால் நான் வரவே மாட்டேன், அது பெட்டிக்குள் போன பிறகு நடக்கட்டும் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டாராம்.

நான் வீட்டுக்கு அடியில் போனேன். மண் உள்ளே சரியாமல் இருக்கத் தூண்களுக்கு நடுவில் பழைய பலகைகளை நிறுத்தி, அதற்கு வெளியே மண்ணைக் கொட்டி, மேலே சிமெண்ட் போட்டிருந்தார்கள். நான் போட்ட மருந்தெல்லாம் மூன்றடிக்குக் கீழே சும்மா கிடந்தது. பலகையிலிருந்து வீட்டைத் தாங்குகிற உத்தரம்வரை விரல் பருமனில் மண்குழாய்கள். திருப்புளியை எடுத்து உத்தரத்தில் குத்தினேன். பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம்.

வெளியே வந்து உள்ளதைச் சொன்னேன். சாய்தளத்தை உடைத்து மண்ணை அள்ளி, முட்டுக் கொடுத்து உத்தரத்தை மாற்ற வேண்டும். அதன்பின் மண் கொட்டாமல், சுவரைத் தொடாமல் வேறு சாய்தளம் கட்ட வேண்டும். இரண்டு வாரம் ஆகும். உடனே செய்யாவிட்டால் கோடைக்குள் பக்கச் சுவர் உட்கார்ந்துவிடும். எர்லீன் கையில் காபிக் குவளையோடு கேட்டுக்கொண்டு நின்றார்.

"கண்ணு, நீ இன்னைக்கு வரவே இல்லன்னு வச்சுக்கோயேன்" என்றார்.

"நான் வரலேன்னாலும் அது வந்தாச்சு, மிஸ் எர்லீன்."

எர்லீன் மறுவாழ்வு இல்லத்துக்குப் போன் செய்து இன்னும் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளக் கேட்டார். படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று என்றார்கள். அடுத்துச் சங்கத் தலைவர் டெல்மர் பிகூவைக் கூப்பிட்டார். அரை மணியில் வந்தார் மனிதர். நாங்க கட்டினதுல லாரியே ஏறலாம், உனக்கு என்னய்யா தெரியும் என்று என்னிடம் எகிறினார். மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மச்சான் வீட்டை இடித்தார்களாம், மண்ணும் பலகையும் சும்மா கிடைத்ததாம். ஏன் இடித்தார்கள் என்று கேட்டேன். கரையானால் என்று சொல்லிக்கொண்டே சாய்தளத்தைத் திரும்பிப் பார்த்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அதுவும் சிநேகிதன் மடியில். டெல்மர் சாய்தளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்ட நினைத்திருந்தேன், விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் போனேன். சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் நடைபாதையில் நின்றார்கள். சாய்தளத்தை உடைக்கக் கொண்டுவந்த சம்மட்டிகளை அல்சீ கண்ணில் படாமல் தங்கள் வண்டிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார்கள். வேன் வந்து நின்றதும் எர்லீன் கதவருகில் போய்த் தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னார். அல்சீ டெல்மரைப் பார்த்தார். டெல்மர் தன் காலைப் பார்த்துக்கொண்டார். பிறகு அல்சீ என்னைக் கூப்பிட்டார்.

"உத்தரம் எவ்வளவு போச்சு?"

"ஆறடி. விட்டா இன்னும் போகும்."

"இன்னைக்கு ஒருநாள் என்னைத் தாங்குமா?"

"தாங்கும்."

சக்கரத்தைக் கையால் தள்ளிக்கொண்டு ஏறினார். ஐந்து மாதம் படுத்துக் கிடந்த உடம்பு. பாதியில் நின்று மூச்சு வாங்கினார். நாற்காலி ஒரு சாண் பின்னால் வந்தது. டெல்மர் கால் எடுத்து வைத்தார். எர்லீன் அவர் கோட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அல்சீ மறுபடி தள்ளினார், திரும்பினார், வாசலைத் தாண்டினார். உள்ளே போய் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"சரி, உடைங்கடா" என்றார்.

டெல்மர் அசையவில்லை. அடுத்த ஞாயிறு நம்ம ஊர்வலமாச்சே, வேலை முடியும்வரை நீ இறங்க முடியாதே என்று தயங்கினார். அன்று ஒருநாள் மட்டும் நாங்கள் தூக்கி இறக்குகிறோமே என்று மெல்லக் கேட்டும் பார்த்தார்.

"அஞ்சு மாசமா நான் கேட்டது உள்ள வர்றதுக்குடா, டெல்மர். வெளிய போறதுக்கு நான் எப்பக் கேட்டேன்?"

எர்லீன் பின்கட்டுப் படிகள் ஏறி உள்ளே போய்ச் சேர்ந்தார். முன்கதவைச் சாத்திக்கொண்டார். டெல்மர் கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டுச் சம்மட்டியை எடுத்து வந்தார்.