பஞ்சு கொடுத்த பந்துகள்

1

இந்தக் கதையை என் அக்காவிடமிருந்து திருடினேன். பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்டால் அசிங்கம், அதனால் நானே ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, கடைசியில், “இதை எழுதினே, உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்” என்றாள். அவள் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு எழுதவே தோன்றியிருக்காது. நுணலும் தன் வாயால் கெடும்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

‘ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்து ஒரு நம்பிக்கையை வாங்குவது நியாயமா என்ற கேள்வி அந்த அணியின்—’

முழிக்க மாட்டேன் என்றவள் என் கையிலிருந்து தாளைப் பிடுங்கிப் படித்தாள். “யாருடா இப்படிப் பேசுவா? பஞ்சுவைக் குடுத்துட்டு நெட்டையை வாங்கலாமா, வேணாமா. அவ்வளவுதான் பேச்சு.”

சரி, அவ்வளவுதான்.

2

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஆட்டம் இருக்கிற நாட்களில் மட்டும் பெண்கள் கூடைப்பந்து கிளப் ஒன்றுக்கு ஸ்கோரர். மைதானத்தின் ஓரத்தில் மேஜை போட்டு, யார் எத்தனை கூடை போட்டார்கள், யார் பந்து கொடுத்தார்கள் என்று ஆறு வருடமாக எழுதுகிறாள்.

பஞ்சு அந்த அணியின் நட்சத்திரம். பந்து அவள் கையில் விழுந்தால் சத்தமே வராது, அதனால் அந்தப் பெயர். வயது முப்பத்து மூன்று. நெட்டை வேறொரு ஊர் கிளப்பில் ஆடுகிறவள், பத்தொன்பது வயது, ஆறடி இரண்டங்குலம். இவளைக் கொடுத்து அவளை வாங்கிவிடலாம் என்கிறார் கோச். மேனேஜருக்கும் அதே எண்ணம். பஞ்சுவுக்குப் போக விருப்பமில்லை. கணவர் இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறார், மகள் எட்டாவது படிக்கிறாள். ஒப்பந்தத்தில் அவளுடைய விருப்பத்தைக் கேட்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

(என் முதல் வரைவில் ஸ்கோரருக்கு இருபத்திரண்டு வயது, சுருட்டை முடி, ஒரு காதலன். வாசகர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். அக்கா அதையும் படித்தாள். பிறகு, “என்னையும் மாத்திட்டியாடா?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அன்றே அவளைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.)

3

அசிஸ்ட் என்றால் என்னவென்று சொல்லியாக வேண்டும். நான் உங்களுக்குக் கொடுத்த பந்தை நீங்கள் அப்படியே கூடையில் போட்டால், போட்ட பெருமை உங்களுக்கு, கொடுத்த பெருமை எனக்கு. அந்தப் பெருமைக்குத்தான் அசிஸ்ட் என்று பெயர். நீங்கள் பந்தை வாங்கி, நாலு அடி ஓடி, ரெண்டு பேரை ஏமாற்றி, அப்புறம் போட்டால் எனக்கு ஒன்றும் கிடையாது. ‘அப்படியே’ எங்கே முடிகிறது, ‘அப்புறம்’ எங்கே தொடங்குகிறது என்பதை ஸ்கோரர் கண் இமைக்கும் நேரத்தில் முடிவு செய்ய வேண்டும்.

நெட்டையின் கிளப் பஞ்சுவைக் கேட்பதே அவளுடைய அசிஸ்ட்டுக்காகத்தான். இரண்டு வருடக் கணக்கைச் சரிபார்த்துத் திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அனுப்பச் சொன்னார் மேனேஜர். ஞாயிறு முழுக்க அக்கா சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பழைய ஆட்டங்களைப் பார்த்தாள்.

“வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்டா.”

பஞ்சுவுக்கு அவள் எழுதியது முந்நூற்றுப் பன்னிரண்டு அசிஸ்ட். அதில் அறுபத்தொன்று அசிஸ்ட்டே இல்லை. வாங்கியவள் ஓடியிருக்கிறாள், திரும்பியிருக்கிறாள், ஒருத்தி நின்று முடியைக்கூடச் சரிசெய்துகொண்டு போட்டிருக்கிறாள். எல்லாமே பஞ்சுவின் பெயரில். மற்ற யாருக்கும் ஒன்றுகூட அதிகமாக எழுதவில்லை.

“எப்படிக்கா?”

“பந்தைக் குடுத்துட்டு மேஜைப் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு சிரிப்பாடா. கை தானா எழுதிடும்.”

எனக்கு இந்தக் காரணம் போதவில்லை. அத்தான் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தினமும் பயிற்சி முடிந்து வேர்த்த சட்டையோடு அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் பஞ்சு. நான் இரண்டு முறை போனேன், அதில் ஒரு முறை ஆப்பிள் வாங்கிப் போனேன். அதைக் காரணமாக வைக்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். “சோத்துக்காக எழுதினேன்னு எழுதினே, கொன்னுடுவேன்” என்றாள்.

எழுதவில்லை. (எழுதிவிட்டேன், பார்த்தீர்களா.)

4

இந்தக் கதைக்கு நான் யோசித்த முடிவுகள்.

அ) அக்கா பழைய கணக்கு ஷீட்டையே அனுப்புகிறாள். நெட்டை வருகிறாள், அணிக்கு நல்ல லாபம். பஞ்சு பெயரோடும் புகழோடும் போகிறாள். வீட்டைவிட்டு அவளைத் துரத்தியது அக்காவின் பாசம்தான் என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும்.

ஆ) திருத்திய ஷீட்டை அனுப்புகிறாள். அந்த ஊர்க்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள். அக்காவின் ஸ்கோரர் நாற்காலி போகிறது. பஞ்சு இங்கேயே இருக்கிறாள், மகளைத் தினமும் பார்க்கிறாள். ஆனால் அறுபத்தொன்று பொய் என்று ஊரே பேசுகிற மைதானத்துக்குள் அவள் எந்த முகத்தோடு—

இ) நெட்டைக்குக் கால் உடைகிறது, பிரச்சினை தீர்கிறது.

“பத்தொன்பது வயசுப் பொண்ணு காலை உடைச்சாத்தான் உன் கதை முடியுமா? வெட்கமா இல்ல?”

வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டேன்.

அணி என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், மாற்றிக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்வேன். முப்பத்து மூன்று வயது முழங்காலை நம்பி யாரும் ஐந்து வருடத் திட்டம் போட முடியாது. பஞ்சுவின் கணவரிடம் இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

5

உண்மையில் அக்கா எதையும் அனுப்பவில்லை. திங்கட்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனாள். உடை மாற்றும் அறையில் பஞ்சு தனியாக உட்கார்ந்து கணுக்காலில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். அக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

பஞ்சு சுற்றுவதை நிறுத்தவில்லை. “எத்தனைக்கா?”

“அறுபத்தொண்ணு. இன்னொண்ணு தெரியல.”

“நெட்டை வந்தா டீம் நல்லா இருக்குமா?”

“இருக்கும்.”

பஞ்சு பட்டையைப் பல்லால் கடித்து அறுத்தாள். “தெரியலைன்னீங்களே, அது எது?”

“பைனல். கடைசி பாஸ். இருபது தடவை பார்த்துட்டேன்டி.”

போன வருடம் கோப்பை வாங்கித் தந்த பாஸ் அது. அந்தப் படத்தைப் பஞ்சு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள். பட்டையின் நுனியைக் காலில் ஒட்டிக்கொண்டே சொன்னாள்:

“அது ஒண்ணு என்னுதுன்னா, பழைய ஷீட்டையே அனுப்புங்கக்கா. நான் மத்ததுக்கும் சேர்த்து ஆடிக் காட்டிக்கிறேன், போறேன். அதுவும் என்னுது இல்லேன்னா சொல்லிடுங்க. திருத்தினதை நானே கொண்டுபோய் மேனேஜர் கையில குடுக்கிறேன். ஆனா எனக்காகப் பார்த்துச் சொல்லாதீங்க.”

இங்கேதான் நானும் கதைக்குள் வருகிறேன். பதினொன்று நாற்பதுக்கு அக்கா எனக்குப் போன் செய்தாள். “எனக்கு இனிமே அவளை நேராப் பார்க்கத் தெரியாதுடா. நீ சொல்லு.” அந்தக் கடைசி பாஸின் நான்கு விநாடி வீடியோவை அனுப்பினாள்.

6

நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். பஞ்சு இடது மூலையில் பந்தோடு நிற்கிறாள். இரண்டு பேர் அவள்மேல் பாய்கிறார்கள். அவள் தலையைத் திருப்பாமலே நடுவில் நிற்கும் பெண்ணுக்குப் பந்தை எறிகிறாள். அந்தப் பெண் வாங்கித் தரையில் ஒரு தட்டு தட்டுகிறாள். எதிரணிக்காரி ஒருத்தி ஓடி வருகிறாள். இந்தப் பெண் போடுவதுபோல் கையைத் தூக்குகிறாள், போடவில்லை. வந்தவள் எகிறித் தாண்டிப் போய்விடுகிறாள். அப்புறம்தான் போடுகிறாள். விழுகிறது. மணி அடிக்கிறது.

பஞ்சு இரண்டு பேரை இழுத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு இடமே கிடைத்திருக்காது. அந்தப் பெண் ஏமாற்றாமல் இருந்திருந்தால் பஞ்சு கொடுத்த பந்து கூடைக்குப் போயிருக்காது.

மூன்றாவது முறையும் பார்த்துவிட்டேன். அடுத்தவர் வாழ்க்கைக்கு இத்தனை வருடமாக இஷ்டத்துக்கு முடிவு எழுதியவன் நான். அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதினால் அதுதான் சரி என்று நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள், அதனால் எழுதப்போவதில்லை. நான் பார்த்தது எல்லாவற்றையும் நீங்களும் பார்த்துவிட்டீர்கள்.

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. அக்கா போனை வைக்கவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்து பஞ்சுவின் குரல் கேட்கிறது:

“உங்க தம்பி என்னக்கா சொல்றாரு? என்னுதா, இல்லையா?”