பேர் சொல்லாத நேயர்

மட்டக்களப்புக்குப் போகிறவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு கதை உண்டு. அங்கே பெண்கள் மந்திரம் செய்து, சாப்பாட்டில் மருந்து போட்டு, வந்த ஆம்பிளையைத் திரும்பிப் போகவிடமாட்டார்களாம். சொல்கிறவர்கள் யாரும் நேரில் கண்டதில்லை. ஆனாலும் கதை தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டுதான் இருக்கிறது.

குலசேகரம் அந்தக் கதையைக் கப்பலேற்றாமல் விமானத்தில் ஒஸ்லோவுக்கே கொண்டுவந்தவர். பிறந்தது யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில், பெண் எடுத்தது மட்டக்களப்புக் களுவாஞ்சிக்குடியில். குடியிருந்த ஹவுகன்ஸ்டுவாவில் எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும், "நான் பாயோட ஒட்டினவன், இனி ஒருத்தராலயும் பிய்க்கேலாது" என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரிப்பார். மனைவி சிவரஞ்சினியும் சளைத்தவள் இல்லை. "பாய் எப்பவோ பிஞ்சி போச்சி. இவர்தான் இன்னும் பிய்யல்ல" என்பாள். சபை சிரிக்கும். அவள் ஊற்றும் தேத்தண்ணியை அவர் இரண்டு தரம் கேட்டு வாங்கிக் குடிப்பார்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு பங்குனியில் ஊரில் போராளி இயக்கம் உடைந்தது. வடக்கு வேறு, மட்டக்களப்பு இருக்கிற கிழக்கு வேறு என்று ஆகிவிட்டது. ஒஸ்லோவில் ஞாயிறு பின்னேரங்களில் தமிழ் வானொலியில் 'மனந்திறந்து' என்ற நிகழ்ச்சி நடத்திவந்த இரத்தினவேலுக்கு அது வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவனுக்கு அவல் கிடைத்த மாதிரி.

இரத்தினவேல் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் பாதிப்பேர் அன்றைக்கே வானொலியை மூடியிருப்பார்கள். பிள்ளையை நித்திரையாக்குகிற குரல் அவருக்கு. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்? "எங்கட வீடுகளுக்குள்ள ஆர் இருக்கினம்? அவையள் ஆரோட ரெலிபோனில கதைக்கினம்? நான் ஒண்டும் சொல்லேல்லை, நேயர்களே. கேள்விதான் கேக்கிறன்." பிறகு ஒரு சின்னச் செருமல். பதில் முழுவதும் அந்தச் செருமலுக்குள் இருக்கும்.

குலசேகரத்திடம் முதலில் வந்து சேர்ந்தது அந்தச் செருமல்தான். தடிமனாக்கும் என்று சிவரஞ்சினி கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். பிறகு ஒருநாள், பொதி பிரிக்கும் வேலை முடிந்து வந்தவர், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:

"அம்மாவோட என்ன கதைச்சனீர்?"

"ஒண்ணுமில்ல. ஊரில நல்ல மழையாம்."

"மழையைப் பற்றி அவ்வளவு நேரமோ? நான் ஒண்டும் சொல்லேல்லை. கேள்விதான் கேக்கிறன்."

சொல்லிவிட்டுச் செருமினார். வாய் அவருடையது, சொல் அவருடையது இல்லை. இழுத்து இறக்கிய அந்த ராகமும் அவருடையது இல்லை.

கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். குலசேகரம் கல்லும் இல்லை, பாவம், நல்ல மனுசன். ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தார். கோடை முடியும்போது அவள் ஊற்றிய தேத்தண்ணி ஜன்னலோரத்தில் ஆடை படிந்து ஆறத் தொடங்கியது. கேட்டால், "வயிறு சரியில்லை" என்பார். தானே கடையில் வாங்கிய சோடாவைக் குடிப்பார், அதையும் மூடியைத் திருகிப் பார்த்துவிட்டு. இரவில் சோபாவில் படுத்தார். ஒருமுறை அவள் பழைய பகிடியை எடுத்து, "என்ன, பாயை விட்டுப் பிஞ்சிட்டீங்களா?" என்றாள். அவர் சிரிக்கவில்லை. அவளுடைய கையைப் பார்த்தார், கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுபோல.

அந்தப் பார்வைக்குப் பிறகு சிவரஞ்சினிக்கு ஒரே ஒரு ஆசைதான். அந்த மனுசன் ஒரு தரம், ஒரே ஒரு தரம், முன்னைப்போல அவள் கையால் வாங்கிக் குடிக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பின்னேரமும் விடாமல் இரண்டு கோப்பை ஊற்றினாள்.

வெளியிலும் நிலைமை அதுதான். மேல்மாடிச் செல்வமலர், ஐந்து வருடமாகக் கறி மாற்றிச் சாப்பிட்ட சிநேகிதி, லிப்டுக்குள் இவளைக் கண்டதும் ஏதோ மறந்தவள்போலத் திரும்பிப் போனாள்.

இவ்வளவுக்குப் பிறகும் சிவரஞ்சினி ஞாயிறு பின்னேரம் குசினியில் வானொலியைப் போட்டாள். வருகிற கிழமை தன்னிடம் என்ன கேட்கப்படும் என்பதை முன்கூட்டியே அறிய அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

கார்த்திகை மாதம். பின்னேரமே வெளியில் கும்மிருட்டு. குலசேகரம் தலையிடி என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அவள் குக்கரில் பருப்பை வைத்துவிட்டு வெங்காயம் உரித்தாள்.

"வணக்கம் நேயரே, ஆர் கதைக்கிறியள்?"

"பேர் வேண்டாம்."

இரண்டு குரலும் ஒன்றாக இருந்தன. அதே தாலாட்டு, அதே இறக்கம். இரத்தினவேல் தன்னோடு தானே கதைக்கிறாரோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

"நேயரே, வானொலி கேக்குது. குறைச்சுப்போட்டுக் கதையுங்கோ."

வானொலிக்குப் போன் எடுக்கும் எல்லோருக்கும் சொல்வதுதான். கூடாத வார்த்தை வந்தால் வெட்டிவிட வசதியாக நிகழ்ச்சியைச் சில வினாடி பிந்தித்தான் விடுகிறோம் என்று இரத்தினவேல் அடிக்கடி பெருமைப்படுவார். பக்கத்தில் வானொலி ஓடினால் சொன்னதே திரும்பி வந்து குழப்பும்.

"அது பக்கத்து வீட்டில," என்றது பேர் வேண்டாத குரல். "எனக்குத் தெரிஞ்ச ஒரு வீடு. மனுசி அங்கால, மட்டக்களப்புப் பக்கம். கதவைச் சாத்திப்போட்டுத்தான் ஊருக்குக் கதைக்கும். தேத்தண்ணியில என்னவோ கலக்குது. அந்த மனுசனுக்கு இப்ப தன்ர யோசினையே இல்லை…"

குக்கர் விசில் அடித்தது. அவள் அடுப்பைக் குறைத்தாள். திரும்பி வெங்காயத்தை எடுக்கும்போது வானொலிக்குள் ஒரு குக்கர் விசில் அடித்தது.

எல்லாத் தமிழ் வீட்டிலும் பருப்பு அவியும்தானே என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். மெதுவாகக் கரண்டியை எடுத்து, சட்டி மூடியில் ஒரு தட்டுத் தட்டினாள். காத்திருந்தாள். வானொலிக்குள், அந்தக் குரலுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு கரண்டி சட்டி மூடியில் தட்டியது.

அவளுக்கு ஓடிப்போய்க் கத்தவேண்டும் என்றுதான் முதலில் வந்தது. பிறகு வழக்கம்போல இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினாள். அவருக்குச் சீனி இரண்டு கரண்டி. நடைக்குப் போய் அறைக்கதவைத் தள்ளினாள். விளக்குப் போடாத அறையில், கட்டில் விளிம்பில், முதுகைக் காட்டிக்கொண்டு அவர் ரெலிபோனோடு இருந்தார். கோபிக்கத் தெரிந்திருந்தால் அப்போது கோபித்திருப்பாள். அவளுக்கு அழுகைதான் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் சொல்வதைச் சொன்னாள்.

"இஞ்சப் பாருங்க. தேத்தண்ணி ஊத்திரிக்கன், வாங்க."

அவர் அசையவில்லை. சில வினாடி பிந்தி, பின்னால் குசினி வானொலியிலிருந்து அவளுடைய குரல் வந்தது. "இஞ்சப் பாருங்க. தேத்தண்ணி ஊத்திரிக்கன், வாங்க." நகரின் ஒரு கோடியில் எல்லிங்ஸ்ருட்டில் கேட்டிருக்கும், மறுகோடியில் ஹவுகெட்டோவில் கேட்டிருக்கும், மேல்மாடியில் செல்வமலருக்கும் கேட்டிருக்கும். வெட்டுவதற்கு இரத்தினவேலுக்கு நேரம் இருந்தது. அவர் வெட்டவில்லை.

ரெலிபோனில் இரத்தினவேல் கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை. குலசேகரத்தின் முதுகு ஒருமுறை நிமிர்ந்ததை மட்டும் கண்டாள். அவர் செருமினார்.

"ஒருத்தரும் இல்லை," என்றார்.

கதவைப் பிடித்தபடி நின்றாள். குசினியில் இரத்தினவேலின் குரல் ஆசையோடு கேட்டது: "அது ஆர், நேயரே, உங்களுக்குப் பக்கத்தில?" ஒரு செருமல். பிறகு, "ஒருத்தரும் இல்லை."

ஒரு தரம் சொன்னால் வாய் தவறியது என்று மன்னித்துவிடலாம். இரண்டு தரம் கேட்டபின் அவளால் முடியவில்லை.

நடையில் கொளுவியிருந்த குளிருடுப்பை எடுத்துப் போட்டாள். சப்பாத்தைக் கட்டினாள். கைப்பையை எடுத்தாள். கதவுப்பிடியில் கை வைத்தபிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, அந்த வீட்டுக்குள் முதல்முறையாகச் சப்பாத்துக் காலோடு நடந்து குசினிக்குப் போனாள். அடுப்பை அணைத்தாள். வானொலியை நிறுத்தினாள்.

குரல் நிற்கவில்லை. தாலாட்டுகிற அதே குரல், அதே இறக்கம், இப்போது இருட்டறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. "நான் ஒண்டும் சொல்லேல்லை. கேள்விதான் கேக்கிறன்."

அவருடைய கோப்பையைக் கையில் எடுத்து, நின்ற நிலையிலேயே கடைசிச் சொட்டுவரை குடித்தாள். தேயிலையும் பாலும் இருந்தன. சீனி கொஞ்சம் கூடத்தான். அவருக்கு அப்படித்தான் பிடிக்கும்.