சக்கரம் தெரிந்த இடம்

“அது மலை இல்லீங்க. குவியல்.”

கருத்துக் கேட்புக் கூட்டங்களில் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. சுரங்கத்தின் நில மீட்பு அதிகாரி அவர். பெயர்தான் மீட்பு, அவரை அந்த நாற்காலியிலிருந்து மீட்க ஆளில்லை. தொண்டை வறண்டிருந்தது, தண்ணீர் பாட்டில் காலி.

பூமிக்கடியில் நிலக்கரி வெட்ட அனுமதி கொடுத்தபோதே அரசாங்கம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. மேலே கட்டடமும் கரிக்கிடங்கும் வரப்போகிற இடத்தின் வளமான மேல்மண்ணை வழித்து ஓரமாகக் குவித்து வைக்க வேண்டும். சுரங்கத்தை மூடும் நாளில் அதையே திரும்பப் பரப்பி, புல் முளைக்க வைத்து நிலத்தை ஒப்படைக்க வேண்டும். மூடும் நாள் வருவதற்குள் ஒரு தலைமுறைக்கு நரை விழுந்துவிட்டது. குவியலின் மேல் விதை விழுந்து மரமானது. வேலை தேடி வந்து குடியேறியவர்கள் கண்ணில் அது முதல் நாளிலிருந்தே அங்கே நின்றதால், மலை என்றே நினைத்துக்கொண்டார்கள். ‘மலைக்கு அந்தப் பக்கம்’ என்று விலாசம் சொன்னார்கள். பிள்ளைகள் படம் வரைந்தால் சூரியனை அதன் பின்னாலிருந்துதான் கிளப்பினார்கள்.

“எங்க மலைய எடுக்க நீங்க யாருங்க?” என்று மளிகைக்கடைக்காரர் எழுந்து நின்று கேட்டார்.

“நாங்க கொட்டுனதுங்க. நாங்கதான் அள்ளணும்.”

சிலர் சிரித்துவிட்டார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய அக்கா சிரிக்கவில்லை. குவியல் என்ற சொல்லுக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கூட்டம் முடியுமுன் எழுந்து போய்விட்டாள்.

அந்தச் சொல் அக்காவின் காதில் விழும் நாளுக்குத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார். அக்காவின் ஒரே பிள்ளை பிறந்து அழவே இல்லை. அப்போது இவர் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார். மாமா அதைத் துண்டில் சுற்றி எடுத்துப்போய் மலைமேல் புதைத்துவிட்டு வந்தார். கொஞ்சம் தெம்பு வந்ததும் அக்காவையும் கூட்டிப்போய்க் காட்டினார். மாமா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். நெஞ்சில் கரித்தூள் சேர்ந்து அவரும் போய்விட்டார். முழங்கால் மடங்குகிறவரை அக்கா மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

“நீ வேலைக்குச் சேர்ந்தப்பவே சொல்லியிருக்கலாம்லடா.”

“நான் சேர்றதுக்கு முன்னாடியே உன் பிள்ளை அங்க இருந்துச்சேக்கா.”

அவள் துணியைப் பிழிந்து காயப்போட்டாள். அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. இந்த வயதில் அக்கா முன்னால் அழுதால் அதற்கும் அவள்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டார்.

“இடத்த மட்டும் காட்டுக்கா. அந்த மண்ணத் தனியா அள்ளி, நீ எங்க சொல்றியோ அங்க போடச் சொல்றேன். ஆனா நாளைக்கே காட்டணும். மிஷின் வந்துடுச்சு.”

“அது கூடக் காட்ட மாட்டேனா?” என்றாள்.

மறுநாள் காலையில் இருவரும் ஏறினார்கள். நாலு எட்டுக்கு ஒருதரம் அக்கா நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கீழே பொக்லைன் ஓட்டுநர் இயந்திரத்தில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். உச்சிக்கு வந்ததும் அக்கா சுரங்கம் இருந்த திசையில் திரும்பினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“சக்கரம் எங்கடா?”

ஆட்களைக் கூண்டில் ஏற்றி இறக்கிய இரும்புச் சக்கரம். சுரங்க வாய்க்கு மேலே உயரமான சட்டத்தில் நின்றது. போன மாதம்தான் கழற்றி இரும்புக்கடைக்கு அனுப்பினார்கள். கையெழுத்துப் போட்டது அவர்தான்.

“எடுத்தாச்சேக்கா.”

“அத வச்சுத்தானடா நான் இடம் கண்டுபிடிப்பேன்! அடையாளத்துக்கு இருந்த மரம் எப்பவோ காத்துல விழுந்துடுச்சு. அதோ, அந்த ரெண்டு மரத்துக்கு நடுவுல சக்கரம் சரியா தெரியணும். அதுக்குத்தான் உங்க மாமா அந்த இடத்தையே பார்த்தாரு. ஷிஃப்ட் முடிஞ்சு சக்கரம் சுத்துச்சுன்னா அவர் மேல வர்றாருன்னு அர்த்தம். நாங்க ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டு இருப்போம்.”

ரெண்டு பேரும் என்று அவள் சொன்னது அவருக்குச் சற்றுப் பிந்தித்தான் உறைத்தது.

அக்கா இங்கே நான்கடி, அங்கே நான்கடி நடந்து பார்த்தாள். எல்லா இடமும் புல்லாகத்தான் இருந்தது. “போச்சுடா” என்றாள். அவ்வளவு அசதியான குரலை அவளிடம் அவர் கேட்டதே இல்லை, மாமா செத்த அன்றுகூட.

“இங்கேயே நில்லு. ஃபோன் பண்றேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

சுரங்க வாயைக் கான்கிரீட் போட்டு மூடியிருந்தார்கள். அதன் நடுவில் போய் நின்று, வண்டியிலிருந்து கொண்டுவந்த நிலம் அளக்கும் நீட்டுக் கம்பை முழு நீளத்துக்கும் இழுத்தார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கம்பின் உச்சியில் மாட்டி, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். ஃபோன் சட்டைப்பையில் ஸ்பீக்கரில் இருந்தது.

“மஞ்சளா ஏதாச்சும் தெரியுதாக்கா?”

“தெரியுது. ஆனா மரம் மறைக்குது. இரு, தள்ளி வர்றேன்.” மேலே சின்னதாக ஓர் உருவம் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. “இன்னும் கொஞ்சம்... ஆட்டாதடா.”

அப்புறம் மூச்சு மட்டும்தான் கேட்டது. உருவம் மெல்லக் குனிந்து தரையில் உட்கார்ந்தது.

“சார், ஆரம்பிக்கலாமா?” என்று ஓட்டுநர் கத்தினான்.

“இருப்பா!” தோள்பட்டை விட்டுப்போய்க்கொண்டிருந்தது. “அக்கா, அந்த இடத்துல ஒரு கல்ல வச்சிட்டு வா. கம்ப எறக்கட்டுமா?”

“எறக்காத. கொஞ்ச நேரம் அப்படியே பிடி.”

அவர் காலை அகட்டி நின்றுகொண்டார். காற்று வந்தது. கம்பின் உச்சியில் தலைக்கவசம் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.