கவர்னரைக் கழற்றிய பிறகு

மின்சாரத்தில் ஓடும் எதையும் ஏஞ்சல் பயமில்லாமல் பிரித்துப் போடுவாள். தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருஷமாகப் பராமரிப்புப் பிரிவில் கான்ட்ராக்ட் வேலை. மெயினை அணை, பூட்டுப் போடு, ஸ்டார்ட் பட்டனை ஒருதரம் அழுத்திப் பார். ஓடவில்லையா, மெஷின் செத்தது, தைரியமாகக் கையை வை. அங்கே கற்ற இந்தப் பாடம்தான் அன்றைக்கு அவளைக் கவிழ்த்தது.

மணவாள நகரில் திலகவதி வீட்டு மேஜைமேல் இருந்தது அந்தக் கிராமபோன். கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்தால் உள்ளே ஸ்பிரிங் சுருளும். அது விரிகிற வேகத்தில் தட்டு சுற்றும். மாமனார் காலத்துச் சாமான். திலகவதியைத் தவிர வேறு யாரும் அதைத் துடைக்கக்கூட அனுமதி கிடையாது. திருவாலங்காட்டில் இவர்கள் நிலத்தில் ஏஞ்சலின் அம்மா பூவம்மாள் நாற்று நட்டவள். பாட்டு நின்றுபோன பெட்டியைப் பழுதுபார்க்க அந்த உரிமையில் கூப்பிட்டார்கள், இவளும் வந்துவிட்டாள். வராமல் இருந்திருக்கலாம். திங்கட்கிழமை அவளுக்கு நிரந்தர வேலைக்கான செய்முறைத் தேர்வு. கையில் கட்டோடு போனால் அடுத்த வருஷம் வா என்று கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள். அடுத்த வருஷம் தேர்வு உண்டா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பிரேக்கைத் தளர்த்திப் பார்த்தாள். தட்டு அசையவில்லை. செத்தது என்று முடிவு கட்டி, பெட்டியைத் திறந்து உள்ளே கை வைத்தாள். அன்று காலை திலகவதி ஆசையாசையாக முழுச் சாவி கொடுத்ததும், காய்ந்த கிரீஸ் அத்தனை விசையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்ததும் அவளுக்கு எங்கே தெரியும்? கேட்கவும் இல்லை. பிளக்கே இல்லாத மெஷினிடம் என்ன பயம் என்ற மிதப்பு.

சக்கரங்களின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது கவர்னர். அதன் இரண்டாவது திருகாணி கழன்றதும் உள்ளே கிர்ரென்றது. சக்கரங்கள் பாதிச் சுற்று ஓடி, வலது கட்டைவிரலைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டன. பதறிப்போய் இடது கையால் பெரிய சக்கரத்தை அமுக்கினாள். நின்றது. ஆனால் விடவில்லை. கிரீஸ் இளகி, மறுபடி நகரப் பார்த்தது.

"சாவி குடுத்தீங்களாம்மா?"

திலகவதி திருதிருவென்று விழித்துவிட்டு, முழுசாகக் கொடுத்ததாக ஒப்புக்கொண்டாள். என்ன செய்வதென்று கேட்க உடனே மைத்துனர் சந்திரமோகனுக்குப் போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.

இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருந்த ஏஞ்சல், போனை வைக்கச் சொன்னாள். பெரிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நடுச் சக்கரத்தின் பல்லுக்கு அடியில் கொடுத்துப் பின்பக்கமாக நெம்பச் சொன்னாள். ஒரு பல் அளவு பின்வாங்கினால் போதும், விரலை உருவிவிடுவாள்.

திலகவதி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். குனிந்து அந்த மெல்லிய பித்தளைச் சக்கரத்தைப் பார்த்தாள்.

"பல்லு ஒடஞ்சிடாதா?"

"ஒடையும்மா. இல்லன்னா என் வெரலு ஒடையும்."

திலகவதி அசையவில்லை. கண் சக்கரத்தின் மேலேயே இருந்தது. விரல் பக்கம் திரும்பவே இல்லை. ஏஞ்சல் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். வலியைவிட அதுதான் நெஞ்சில் தைத்தது. சக்கரம் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. நகத்தோரம் ரத்தம் கசிந்தது. இடது கைப் பிடி நழுவத் தொடங்கியது.

"இன்னாமா பாத்துகினு கீறீங்க? கை தாங்கலம்மா."

அப்போதுதான் திலகவதி சுயநினைவுக்கு வந்தவளாக ஸ்க்ரூ டிரைவரைச் செருகி, மூச்சைப் பிடித்து நெம்பினாள். ஏஞ்சல் இரண்டு கையையும் உருவிக்கொண்டு பின்னால் விழுந்தாள். ஸ்க்ரூ டிரைவர் சுவரில் போய் மோதியது. சக்கரங்கள் ஊளையிட்டபடி ஓடி, பித்தளைப் பல்லையெல்லாம் மேஜைமேல் துப்பிவிட்டு ஓய்ந்தன. இனி யார் வந்தாலும் அது பாடாது.

ஏஞ்சல் குழாயடியில் கையைக் கழுவினாள். நகம் கறுத்திருந்தது, தோல் கிழிந்திருந்தது. கட்டைவிரலை மடக்கினாள், நீட்டினாள். எலும்புக்கு ஒன்றுமில்லை, திங்கட்கிழமைத் தேர்வைக் கட்டுப் போடாமலே சமாளித்துவிடலாம். அந்த நிம்மதியில் அழுகை வந்தது, அழுதாள்.

திலகவதி துண்டோடு வந்து நின்றாள். மேஜைப் பக்கம் அவள் திரும்பவில்லை.

"நான் ஒடனே செய்யல, இல்ல?"

பரவாயில்லம்மா என்ற வார்த்தை ஏஞ்சலின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"ஆமாம்மா. ஒடனே செய்யல."

திலகவதி தலை குனிந்தாள். ஏஞ்சல் துண்டை வாங்கி, தானே கையைத் துடைத்துக்கொண்டாள்.