உச்சிக்கு அடித்த மணி

பாறைவிளைச் சபையில் சாவு மணிக்கு ஒரு முறை இருக்கிறது. செத்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நிதானமாக ஒரு மூச்சு விட்டு வாங்க வேண்டும். மணி விழுந்ததும் ஊரில் பெண்கள் தேங்காய் திருவுவதை நிறுத்திவிட்டு எண்ணத் தொடங்குவார்கள். எழுபத்தெட்டில் நின்றால், "மேலவிளை ஞானம் போயாச்சு" என்று அடுத்த வீட்டுக்குச் சத்தம் கொடுத்துவிட்டு மறுபடி திருவுவார்கள். இஸ்ரவேல் அந்த மணிக்கயிற்றை முப்பத்தோரு வருஷமாக இழுக்கிறார். ஒரு தடவைகூட எண்ணிக்கை பிசகியதில்லை. அவருக்கு இருந்த கர்வம் அது ஒன்றுதான். தன்னைவிட இருபது வயது இளைய சபைச் செயலாளர் ஜெப்சன் 'ஏலே இஸ்ரவேலு' என்று கூப்பிடுவதைக்கூட அந்தக் கர்வத்தின் பலத்தில்தான் பொறுத்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான், ஒரு செவ்வாய்க்கிழமை உச்சி வேளையில் பூட்டிய சபைக் கோயிலுக்குள் மணி தானாக விழுந்தபோது, அவர் பயப்படுவதற்கு முன்னால் எண்ணத் தொடங்கிவிட்டார். கோயிலுக்குப் பின்னால் சபை கொடுத்த ஓட்டு வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். கை சோற்றில் இருந்தது. நாற்பத்திரண்டில் மணி நின்றது. ஒவ்வோர் அடிக்கும் நடுவில் ஒரு மூச்சு. அவரே அடித்ததுபோல அவ்வளவு சுத்தமான அடி.

கை கழுவாமல் ஓடினார். பூட்டு போட்டபடியே கிடந்தது. திறந்து உள்ளே போனால் கயிறு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஆள் பிடிக்கும் உயரத்தில் அதன்மேல் வெள்ளையாக என்னவோ படிந்திருந்தது. கிட்டே போய்ப் பார்த்தார். கல்பொடி. நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும் இறுக்கிப் பிடித்த தடம்.

அதற்குள் ஊர் மொத்தமும் போனில் வந்துவிட்டது. "ஆருக்காக்கும் மணி? நாப்பத்திரெண்டு வயசுல நம்ம சபையில ஆரும் தீனமா கிடக்கல்லியே?"

ஜெப்சன் வந்து கயிற்றைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "குவாரி வெடி அதிர்ச்சி. நீ உடனே பேய்க்கதை கெட்டாத."

மலையில் ஷாஜன் முதலாளியின் குவாரியில் உச்சிக்கு வெடி வைப்பது உண்மைதான். ஆனால் அன்றைக்கு வெடித்தது இரண்டு. இரண்டு வெடிக்கு நாற்பத்திரண்டு மணி எப்படி விழும்?

புதன்கிழமையும் விழுந்தது. வியாழக்கிழமையும். அதே உச்சி, அதே நாற்பத்திரண்டு. ஊருக்கு இப்போது ஒரு காரணம் தேவைப்பட்டது. பாறைவிளையில் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. சபைக்கு எதிரே பள்ளிவாசல். அதைத் தாண்டினால் அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் நிழல்தாங்கல். மூன்று இடத்து ஒலிபெருக்கிகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே வளர்ந்தவை. இதற்காகவே ஸ்டேஷனில் இரண்டு தடவை அமைதிக் கூட்டம் போட்டார்கள். மூன்று தரப்பும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டீ குடித்துவிட்டு வந்தார்கள். இப்போதும் அவரவர் வேலியைத் தாண்டித்தான் விரல் நீண்டது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் மோதினார் மாகீன் சபை வாசலில் வந்து நின்றார். ஐந்து வேளையும் பாங்கு சொல்லும் குரல், கோபத்தில் நடுங்கியது.

"இஸ்ரவேலண்ணே, எங்க மைக்கு லைன்ல ஒங்க ஆளுவ வயரு போட்டு இழுத்திருக்கியளா? செவ்வாக்கெழமையிலேந்து சுச்சு போடாத மைக்குல எவனோ நின்னு இருமுதான். இன்னைக்கி ஜும்மா நடுவுலயும் இருமிட்டான். எனக்கு நெஞ்சு தீனம்னு ஊரு முழுக்க பேச்சு."

இஸ்ரவேல் பதில் சொல்லுவதற்குள் நிழல்தாங்கலில் இருந்து பகவதியப்பன் வந்தார். அங்கே பணிவிடை செய்பவர். உச்சிப்படிப்பு வழிபாடு முடிந்து, கட்டிய தலைப்பாகையை அவிழ்க்கக்கூட மறந்திருந்தார். நிழல்தாங்கலில் சிலை கிடையாது, கண்ணாடிதான். கும்பிடப் போகிறவன் அதில் தன்னையே பார்த்துக்கொள்ள வேண்டும்.

"கண்ணாடில பொடிய வாரி அப்புனது ஒங்கள்ல எவன்வே? நாலு நாளா தொடைக்கேன், உச்சிக்கு மறுபடி அப்பிக் கெடக்கு." அவர் குரல் சட்டென்று இறங்கியது. "இன்னைக்கி தொடைக்கும்போ எம் பொறத்தால ஒருத்தன் நிக்கான். தல மயிரு, இம, எல்லாம் வெள்ள. திரும்பிப் பாத்தா ஆளில்ல."

மூவரும் கொஞ்ச நேரம் கத்தினார்கள். பிறகு இஸ்ரவேல் இருவரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கயிற்றைக் காட்டினார். மாகீன் அந்தப் பொடியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இது குவாரிப் பொடியாக்கும்."

இஸ்ரவேல் கயிற்றைவிட்டு ஓரடி பின்வாங்கினார். நான்கு நாளாக அவர் நினைக்காமல் தள்ளி வைத்திருந்த ஒரு முகம் முன்னால் வந்து நின்றது.

"திங்கக்கெழமை ஒரு பொம்பள வந்தா" என்றார்.

"பச்ச சேலையா? இடுப்புல கொழந்த?" என்றார் மாகீன்.

"எங்கிட்டயும் வந்தா" என்றார் பகவதியப்பன்.

அவளை யாரும் விரட்டவில்லை. அதைச் சொல்லித்தான் இஸ்ரவேல் நான்கு நாளாகத் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். குடிக்க வெள்ளம்கூடக் கொடுத்தார். அவள் பெயர் புத்னி. ஜார்கண்ட் பக்கம். புருஷன் மங்கரா குவாரியில் வேலைக்குப் போனவன், சனிக்கிழமை திரும்பவில்லை. காட்டில் ஆள் வழி தவறினால் அவள் ஊரில் முரசு அடிப்பார்களாம். சத்தம் வரும் திசையைப் பிடித்து அவன் நடந்து வந்துவிடுவானாம். இங்கே முரசு இல்லை. "பெல் அடிக்க, அண்ணா. அவர் கேக்கும், வரும்" என்று கைகூப்பினாள். இஸ்ரவேல் முறையை எடுத்துச் சொன்னார். மணி ஆராதனைக்கு அடிக்கும், சாவுக்கு அடிக்கும், சாவுக்கும் சபை ஆளென்றால்தான் அடிக்கும். அவள் புரியாமல் தலையாட்டிவிட்டு எதிரே பள்ளிவாசலுக்குப் போனாள்.

"காணாமப் போனத மைக்குல பறைய ஜமாத்து அனுமதி வேணும்னேன்" என்றார் மாகீன்.

"நம்ம கூட்டத்து ஆளில்லியேன்னேன்" என்றார் பகவதியப்பன். "கண்ணாடி முன்னால நின்னுக்கிட்டு, நாக்கு கூசாம சொன்னேன்."

இன்னொன்றை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சபையின் புதுத் தரை, பள்ளிவாசலின் படிகள், நிழல்தாங்கலின் சுற்றுச்சுவர், மூன்றும் ஷாஜன் முதலாளி நன்கொடையாக இறக்கிக் கொடுத்த கல். மூவரும் அப்போது நின்றுகொண்டிருந்ததும் அந்தக் கல்லின் மேல்தான்.

சாயங்காலத்துக்குள் குவாரி ஷெட்டுக்குப் போய்ப் புத்னியைக் கண்டுபிடித்தார்கள். மேஸ்திரி ஓடி வந்து, "அவன் ஊருக்கு ஓடிட்டான், வேற வேல இல்லியா ஒங்களுக்கு?" என்றான். புத்னி உள்ளே போய் ஒரு ஜோடி செருப்பையும் ஒரு போனையும் கொண்டுவந்து அவர்கள் காலடியில் வைத்தாள். பகவதியப்பன் மேஸ்திரியைப் பார்த்தார். "செருப்பு போடாம ஜார்கண்டுக்கா ஓடுனான்?"

பழைய குழியில் சனிக்கிழமை பாறை சரிந்ததென்றும், திங்கட்கிழமை லாரி லாரியாக மண் கொட்டிக் குழியை மூடப்போகிறார்கள் என்றும் ஷெட்டில் ஒருவன் காதோடு சொன்னான். இருப்பது இரண்டு நாள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள், விசாரிக்கிறோம் என்றார்கள். ஜெப்சன் அன்றே இஸ்ரவேல் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"ஏலே, மொதலாளிக்கு எதிரா நின்னா வீட்டுச் சாவிய வச்சிட்டுப் போயிரு. மனசிலாச்சா?"

அறுபத்திரண்டு வயதில் வேறு வீடு எங்கே தேடுவது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முழுக்க இஸ்ரவேல் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். உச்சிக்கு ஆராதனை முடிந்து கடைசி ஆசீர்வாதம் சொல்லும்போது, சபையார் எல்லாரும் பார்த்திருக்க, கயிறு தானாக இறங்கியது. ஜெப்சனும் பார்த்தான். பிள்ளைகள் வீறிட்டுக்கொண்டு வெளியே ஓடினார்கள். இஸ்ரவேல் மட்டும் கடைசி வரைக்கும் நின்று எண்ணினார். நாற்பத்திரண்டு.

திங்கட்கிழமை விடிந்ததும் மாகீன் யாரிடமும் அனுமதி கேட்காமல் மைக்கைப் போட்டார். "மங்கரான்னு ஒருத்தரக் காணல்ல. நம்ம ஊருல வேல செஞ்ச மனுஷன். எல்லாரும் மலைக்கு வாங்க." நிழல்தாங்கலில் சங்கு ஊதினார்கள். மூன்று தரப்புப் பெண்களும் முதலில் தனித்தனிக் கூட்டமாகத்தான் ஏறினார்கள். குழிக்குப் போகும் பாதை ஒற்றையடிப் பாதை ஆனதால் மேலே போய்ச் சேரும்போது எல்லாரும் கலந்துபோயிருந்தார்கள். லாரிகளுக்கு முன்னால் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்தது. ஷாஜனும் வந்தான். ஜெப்சன் அவனுக்குப் பின்னால் நின்றான்.

கலைந்து போகச் சொல்லி இன்ஸ்பெக்டர் மூன்றாவது தடவை சொல்லிக்கொண்டிருந்தார். உச்சி வெயில். அப்போது கீழே சபை மணி விழுந்தது.

"ஆரு அடிக்கா கோயில்ல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

இஸ்ரவேல் மடியிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். "கோயிலு பூட்டிக் கெடக்கு சார்."

யாரோ ஒருத்தி வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள். பிறகு எல்லாரும் சேர்ந்து எண்ணினார்கள். பாட்டும் படிப்பும் வேறு வேறாக இருந்த அந்த ஊர் ஒரே குரலில் எதையும் சொன்னது அன்றைக்குத்தான். நாற்பத்திரண்டில் மணி நின்றதும் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். ஷாஜன் முகத்தைப் பார்த்தார். மண் கொட்ட வந்த ஜேசிபியைத் தோண்டச் சொன்னார்.

நான்கு மணிக்கு மங்கராவை எடுத்தார்கள். தலைமயிர், இமை, எல்லாம் வெள்ளை. பகவதியப்பன் ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷாஜன்மேல் வழக்குப் பதிந்து ஜீப்பில் ஏற்றினார்கள். காணாமல் போனதாக மனு ஒருவனுக்குத்தான் இருந்தது. ஆளை எடுத்தாயிற்று, குழி இப்படித் திறந்து கிடந்தால் ஆபத்து, வியாழக்கிழமை மூடிவிடலாம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சவப் பரிசோதனை முடிந்து புதன்கிழமை உடல் வந்தது. எந்தக் கல்லறையிலும் அவனுக்குப் பாத்தியதை இல்லை. பகவதியப்பன் தன் தென்னந்தோப்பில் குழி வெட்டினார். ஜமாத்தில் மாகீன் சண்டை போட்டுச் சவம் சுமக்கும் சந்தூக்கைக் கொண்டுவந்தார். இஸ்ரவேல் கோயிலைத் திறந்தார். ஜெப்சன் வாசலில் நின்றிருந்தான்; தடுக்கவில்லை, கண்ணைத் தூக்கிப் பார்க்கவும் இல்லை.

"அவருக்கு எத்தற வயசு மக்கா?" என்று இஸ்ரவேல் புத்னியிடம் கேட்டார்.

அவள் ஆதார் அட்டையை நீட்டினாள். இருபத்து மூன்று.

இஸ்ரவேல் அட்டையை இரண்டு தடவை பார்த்தார். நாற்பத்திரண்டு எங்கே, இருபத்து மூன்று எங்கே? "விடும் அண்ணே, செத்தவன் எண்ணியா அடிப்பான்?" என்றார் மாகீன். இஸ்ரவேலுக்கு மனசு ஆறவில்லை. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அவ்வளவு ஒழுங்காக மூச்சு விட்டவன் எண்ணிக்கையில் பிசகுவானா?

உச்சிக்குச் சந்தூக்கு தெருவில் வந்தது. இஸ்ரவேல் கயிற்றைப் பிடித்தார். சபை ஆளல்லாத ஒருவனுக்காக அந்த மணி அடிப்பது அதுதான் முதல் தடவை. ஒவ்வோர் அடியும் அவர் நெஞ்சில் விழுந்தது. மன்னிச்சிரு மக்கா, மன்னிச்சிரு மக்கா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இழுத்தார். இருபத்து மூன்று. கையை எடுத்தார்.

மணி விழுந்தது.

அவர் கை வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பிடித்திருந்த இடத்துக்கு ஒரு சாண் கீழே கயிற்றில் வெள்ளைத் தடம் ஒன்று மெல்ல இறுகியது. கயிறு இறங்கியது. ஒரு மூச்சு. மறுபடி விழுந்தது. தெருவில் சந்தூக்கு நின்றுவிட்டது. மாகீனும் பகவதியப்பனும் உள்ளே ஓடி வந்து அவர் இரண்டு பக்கமும் நின்றார்கள். இஸ்ரவேல் உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். பத்தொன்பதில் மணி நின்றது.

"இருவத்தி மூணும் பத்தொம்பதும். நாப்பத்திரெண்டு தப்பில்ல" என்றார் இஸ்ரவேல். "நான்தான் ஒத்த ஆளுன்னு நெனச்சிட்டேன். குழில இன்னொருத்தன் கெடக்கான்."

மங்கராவுக்காவது வாசல் வாசலாக ஏறி இறங்க ஒருத்தி இருந்தாள். இந்தப் பத்தொன்பது வயதுக்காரனுக்கு யாருமில்லை. அவனே வந்து அடித்திருக்கிறான், எட்டு நாளாக. நாளைக்குக் குழியை மூடப்போகிறார்கள்.

மாகீன் பள்ளிவாசலுக்கு ஓடினார். பாதித் தெருவில் நின்று திரும்பிக் கத்தினார். "அண்ணே, மைக்குல என்ன பேரு சொல்ல?"

"பேரு தெரியல்லன்னு சொல்லு" என்றார் இஸ்ரவேல். "நம்ம ஆளுன்னு சொல்லு. வயசு பத்தொம்பதுன்னு சொல்லு."