நாற்பது ஓட்டைகள்

இஞ்ஞாசி கடலைப் பார்த்ததில்லை. திண்டுக்கல்லில் மாட்டுவண்டி செய்து பிழைத்தவன். ஐம்பத்தெட்டாம் வருஷம் பள்ளிக்கூடத் தாளாளர் ஸ்தனிஸ்லாஸ் சாமியார் அவனைக் கூப்பிட்டு, செல்லரித்துக் கிடந்த மரக்கப்பல் ஒன்றைக் காட்டினார். நூறு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கொண்டுவந்த பாய்மரப் போர்க்கப்பலின் மாதிரி. ஆள் நீளம் இருந்தது.

"இதச் சரி பண்ணிக் குடு. ஒம் மக ரோசலினுக்கு டீச்சர் டிரெயினிங்ல எடம் வாங்கித் தாரேன்."

நாலு மாதம் கொட்டகையை விட்டு அவன் நகரவில்லை. பலகை மாற்றினான், கயிறு முறுக்கினான். இரண்டு விலாவிலும் சதுரம் சதுரமாக நாற்பது ஓட்டைகள். தண்ணீரில் போகிற சாமானுக்கு ஓட்டையா? தேக்குத் துண்டு செதுக்கி, வஜ்ரப் பசை போட்டு, விரலுக்குத் தட்டாதபடி இழைத்து அடைத்தான்.

மதராஸிலிருந்து விருந்தாளி வந்த அன்று கப்பலைக் கூடத்தில் வைத்தார்கள். மாணவிகள் வரிசையாக நின்றார்கள். ரோசலினும் நின்றாள்.

சாமியார் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "ஓட்டையெல்லாம் எங்கடா?"

"அடைச்சுட்டேன் சாமி. தண்ணி ஏறிரும்ல." ஓட்டைகளிலிருந்து கழற்றி, புளி போட்டு விளக்கிய பித்தளைக் குழல்களைப் பொட்டலமாக நீட்டினான். "இந்தாங்க, மிச்சம். நாப்பது உருப்படி, ஒண்ணு கொறையல."

"பீரங்கிய மிச்சம்ங்கறாரே!" விருந்தாளிதான் முதலில் சிரித்தார். பிறகு சாமியார். பிறகு எல்லோரும்.

"பேத்து எடு. இப்பவே. புள்ளைகளா, எண்ணுங்க," என்றார் சாமியார்.

உளி வைத்தான். அடைப்பு அத்தனை இறுக்கம், அசைய மறுத்தது. ஒண்ணு, ரெண்டு என்று பெண்கள் கூவினார்கள். ஏழாவதில் விலாப்பலகை நெடுகப் பிளந்தது. சிரிப்பு நின்றது.

"ஒன்ன நம்பி ஒரு எடத்த வீணாக்க இருந்தேனே!" சாமியார் ரோசலின் பக்கம் திரும்பினார். "இது எதுக்குன்னு ஒனக்காவது தெரியுமா?"

"பீரங்கி வைக்க, சாமி."

"அப்பனுக்குச் சொல்லலையா?"

நாலு மாதத்தில் அவள் கொட்டகைப் பக்கம் வந்ததே இல்லை. கூடம் காத்திருந்தது.

"சொன்னேன் சாமி. அவருதான் கேக்கல."

இஞ்ஞாசி உளியின் முனையைத் தடவிக்கொண்டே நின்றான்.

"ஆமா சாமி. புள்ள சொல்லுச்சு."

"அப்ப ஒனக்கு எடம் உண்டு, ரோசலின். ஆனா ஹாஸ்டலுக்கு இந்தாளு ஒன்னப் பாக்க வரப்புடாது. ஊரே சிரிக்கும்."

அவன் மகளைப் பார்த்தான்.

"சரி சாமி," என்றாள் அவள், அவன் வாயைத் திறப்பதற்குள்.

இன்னும் முப்பத்துமூன்று இருந்தன. அவன் குனிந்து அடுத்ததில் உளியை வைத்தான்.